மூக்கு கழுவும் பாட்டில்: பதினாறு மாதம் பயன்படுத்திய பிறகு எழுதுகிறேன்

நீடாமங்கலம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் நெல் பார்த்து எடுக்கிற வேலை எனக்கு. லாரியில் வந்து இறங்கும் மூட்டையில் ஊசியைக் குத்தி, ஒரு கை நெல் எடுத்து, பல்லில் கடித்து, உள்ளங்கையில் கசக்கி மோந்து பார்த்து, எடுக்கலாமா வேண்டாமா என்று சொல்ல வேண்டும். ஈரப்பதம் காட்ட மெஷின் இருக்கிறது. ஆனால் மழையில் நனைந்து, அம்பாரத்தில் சூடேறி, அப்புறம் அவசரமாக ரோட்டில் காயவைத்த நெல்லை மெஷின் காட்டிக்கொடுக்காது. ஈரம் சரியாகத்தான் இருக்கும். கசக்கி மோந்தால்தான் முக்கல் வாடை, அதாவது நெல் ஈரத்தில் புழுங்கிக் கெட்ட வாடை, தெரியும். அவித்து அரைத்து அரிசியாக்கினாலும் அந்த வாடை போகாது.

அந்த மோப்பம் எனக்கு 2021ல் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. முதலில் காலை தும்மல். எழுந்ததும் பதினைந்து இருபது. அப்புறம் மூக்கடைப்பு, இரவில் வாயைத் திறந்துகொண்டு தூங்குவது, புருவத்துக்கு நடுவில் பாரம், தொண்டைக்குள் சளி இறங்கிக்கொண்டே இருப்பது. ஆலைத் தூசி என்று விட்டுவிட்டேன். உமித் தூசியும் தவிட்டுத் தூசியும் பறக்கிற இடத்தில் யாருக்குத்தான் தும்மல் இல்லை?

2023 ஆயுதபூஜைக்கு முந்தின வாரம் ஒரு சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்குப் போய்த் திரும்பிய என் மனைவி வாசற்படியிலேயே பையைப் போட்டுவிட்டு அடுக்களைக்கு ஓடினாள். அடுப்பின் குமிழ் பாதி திருகி இருந்திருக்கிறது. "ஏங்க, தெருவரைக்கும் கேஸ் அடிக்குது, உள்ளே உட்கார்ந்திருக்கிற உங்களுக்குத் தெரியலையா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. அடுத்த அறையில் எங்கள் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளே தஞ்சாவூர் போய் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்தேன். அங்கே எழுதிக்கொடுத்த சீட்டில் முதல் வரியே இந்த பாட்டில்தான்.

கம்பெனிப் பெயரைச் சொல்லவில்லை. இதுவரை மூன்று கம்பெனியின் பாட்டில்களைப் பயன்படுத்திவிட்டேன், மூன்றும் ஒரே அச்சுதான். 240 மில்லி பிடிக்கும் மெத்தென்ற பிளாஸ்டிக் பாட்டில். உள்ளே அடிவரை போகும் ஒரு குழாய். மேலே நடுவில் துளையுள்ள உருண்டை மூடி, அது மூக்குத் துவாரத்தில் வைத்து அடைக்கிற அளவு. கூடவே உப்புப் பொட்டலங்கள். நான் முதலில் வாங்கியது முப்பது பொட்டலத்தோடு 420 ரூபாய். ஊரில் மருந்துக் கடையில் இல்லை, தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரி சாலையில் மூன்றாவது கடையில் கிடைத்தது. இப்போது மன்னார்குடியிலும் வைத்திருக்கிறார்கள்.

வேலை செய்கிற விதம் எளிது. காய்ச்சி ஆறவைத்த வெதுவெதுப்பான தண்ணீரைக் கோடு வரை ஊற்றி, ஒரு பொட்டலத்தைக் கொட்டி, குலுக்கி, குனிந்து நின்று ஒரு துவாரத்தில் வைத்து அமுக்கினால் தண்ணீர் மூக்கின் பின்பக்கம் சுற்றிக்கொண்டு அடுத்த துவாரம் வழியாக விழும். பாதி பாட்டில் இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம்.

படித்ததும் உங்களுக்கு வருகிற பயம் எனக்கும் வந்தது. சின்ன வயதில் எங்கள் பக்கம் ஆறு பிரிகிற மூணாறு தலைப்பில் குதித்து முங்கும்போது மூக்கில் தண்ணீர் ஏறினால் உச்சி மண்டை வரை சுரீர் என்று எரியும். அதே எரிச்சலை தினமும் விலை கொடுத்து வாங்குவதா என்று தோன்றியது. அந்த எரிச்சல் வருவதற்குக் காரணம் ஆற்றுத் தண்ணீரில் உப்பு இல்லாதது. நம் உடம்பின் திரவத்தில் இருக்கிற அளவுக்கு, அதாவது 0.9 சதவீதம், உப்பு கலந்துவிட்டால் மூக்குக்கு அது வெளித்தண்ணீராகவே படாது. முதல் நாள் அமுக்கியபோது எரியவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். வலது துவாரத்தில் இருந்து நூல் மாதிரி தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

ஆனால் அந்த முதல் வாரம் நான் இரண்டு தப்பு செய்தேன். ஒன்று, பலமாக அமுக்கினேன். ஒரு பக்கம் முழுக்க அடைத்திருந்ததால் போக வழியில்லாத தண்ணீர் காதுப் பக்கம் தள்ளி, இரண்டு நாள் காது கம்மென்று இருந்தது. இரண்டாவது, கழுவிய கையோடு மூக்கைப் பிடித்துக்கொண்டு பலமாகச் சிந்தினேன். அதுவும் காதைத்தான் அடைத்தது. டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணினேன். "மெதுவா அமுக்குங்க, வாயைத் திறந்து 'கா' ன்னு சொல்லிக்கிட்டே அமுக்குங்க, தொண்டைக்குள்ளே போகாது. சிந்தும்போது ரெண்டு துவாரத்தையும் திறந்து விட்டு லேசா ஊதுங்க" என்றார். அதற்குப் பிறகு காதுத் தொந்தரவு இல்லை. அந்த 'கா' சொல்கிற விஷயம் பெட்டியில் இருந்த தாளிலும் இருந்தது, ஆங்கிலத்தில். தாளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

மூக்குக்குள் என்ன நடந்திருக்கிறது என்பதை முதல் நாளே டிவித் திரையில் காட்டினார்கள். பென்சிலை விட மெல்லிய குழாய், முனையில் விளக்கு. மரத்துப்போகிற மருந்தை ஸ்பிரே செய்துவிட்டு உள்ளே விட்டார்கள். இரண்டு பக்கமும், மூக்கின் மேல் பாதியில், இளம் நுங்கின் நிறத்தில் ஈரமாக, கண்ணாடி மாதிரி ஒரு சதை தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டால் வலிக்கவில்லை. நம் ஊரில் 'மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது' என்று சொல்வோமே, அதுதான் பாலிப். புற்று கிடையாது, வீங்கிய தோல்தான். மோப்பம் பிடிக்கிற இடம் மூக்கின் கூரையில் இருப்பதால், இந்தச் சதை வழியை அடைத்ததும் வாடை மேலே போய்ச் சேரவில்லை. இரண்டு பக்கமும் இருந்ததால் கவலை இல்லை, ஒரே பக்கம் மட்டும் சதை இருந்தால் அதை வேறு விதமாகச் சோதிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

சைனஸ் என்பது நெற்றி, கன்னம், கண்ணுக்கு நடுவில், இன்னும் பின்னால் என்று நான்கு ஜோடிக் காற்றறைகள். ஒவ்வொன்றுக்கும் மூக்குக்குள் திறக்கும் சின்ன வாய் உண்டு. "உங்க ஊர் வயல் மாதிரிதான். வடிகால் வாய் வீங்கி அடைச்சுக்கிட்டா உள்ளே தண்ணி கட்டி நிக்கும்" என்றார். ஒரு விஷயம் என்னை அசத்தியது. கன்னத்து சைனஸுக்கு அந்த வாய் அடியில் இல்லை, மேலே இருக்கிறது. சளி தானாக வடியாது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிர்கள் ஓயாமல் அசைந்து அதை மேட்டுக்குத் தள்ளி ஏற்றி வெளியே விடுகின்றன. தண்ணீர் பள்ளத்துக்குத்தான் பாயும் என்று பார்த்து வளர்ந்தவனுக்கு இது பெரிய விஷயம். தூசியும் வீக்கமும் கெட்டிச் சளியும் சேர்ந்து அந்த மயிர்களின் வேலையை நிறுத்திவிடும்போதுதான் நாம் தலைபாரம் என்கிறோம். உப்புத் தண்ணீர் செய்வது கெட்டிச் சளியையும் தூசியையும் அடித்துக்கொண்டு போய் அந்த மயிர்களுக்கு வழி விடுவது. அவ்வளவுதான். சதையை அது கரைக்காது. கரைக்கும் என்று எந்தப் பெட்டியிலாவது போட்டிருந்தால் நம்ப வேண்டாம்.

பன்னிரண்டு வாரத்துக்கு மேல் மூக்கடைப்போ சளியோ இருந்து, அதோடு முகத்தில் பாரமோ மோப்பக் குறைவோ சேர்ந்திருந்து, உள்ளே பார்க்கும்போதும் வீக்கம் தெரிந்தால்தான் அதை நாள்பட்ட சைனஸ் என்கிறார்கள். காலையில் தும்முவது அதோடு சேர்ந்து வரலாம், ஆனால் அது வேறு, அலர்ஜி. எனக்கு இரண்டும் இருந்தது. எது அலர்ஜி என்று தெரிய, கையில் பத்துப் பன்னிரண்டு சொட்டு வைத்துக் குத்திப் பார்த்ததில் வீட்டுத் தூசியில் இருக்கும் நுண்பூச்சிக்குத்தான் பெரிய தடிப்பு வந்தது. ஆலைத் தூசியை நான் குறை சொல்லிக்கொண்டிருக்க, எதிரி என் தலையணைக்குள் இருந்திருக்கிறது. கல்யாணத்தின்போது கொடுத்த இலவம்பஞ்சுத் தலையணை. அன்றே மாற்றினோம். உறையைக் கொதிக்கிற வெந்நீரில் வாரம் ஒரு முறை அலசுகிறாள்.

அம்மாவிடம் பாட்டிலைக் காட்டியபோது அவருக்குப் பிடிக்கவில்லை. நொச்சியிலையும் மஞ்சளும் போட்டு ஆவி பிடித்தால் போகாத பீனிசமா, சுக்குப் பற்று போட்டால் இறங்காத நீரா என்று கேட்டார். எனக்கும் ஆவி பிடித்தால் சுகமாகத்தான் இருக்கும். எது உண்மையில் வேலை செய்கிறது என்று திருச்சியில் பி.பார்ம் படிக்கும் என் அக்கா மகனிடம் கேட்டேன். அவன் தேடிப் படித்துவிட்டு ராத்திரி போன் பண்ணினான். "மாமா, இதையே வச்சு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. பிரிட்டன்ல 871 பேரு. சைனஸ் தொந்தரவு திரும்பத் திரும்ப வர்றவங்க. ஒரு குழுவுக்கு மூக்கு கழுவுறது, ஒரு குழுவுக்கு ஆவி, ஒரு குழுவுக்கு ரெண்டும், ஒரு குழுவுக்கு வழக்கமான வைத்தியம் மட்டும். 2016ல வந்திருக்கு." முடிவு என்னடா என்றேன். மூக்கு கழுவியவர்களுக்கு மூன்று மாதத்திலும் ஆறு மாதத்திலும் முன்னேற்றம் தெரிந்தது, பெரிய அளவு இல்லை, ஓரளவு. ஆவி பிடித்தவர்களுக்குத் தலைவலி குறைந்தது, மற்ற எதிலும் வித்தியாசம் இல்லை. அமெரிக்காவில் விஸ்கான்சினில் நடந்த இன்னொரு ஆய்வு 2002ல் வந்தது. 76 பேர், ஆறு மாதம், தினமும் 2 சதவீத உப்புத் தண்ணீர். கழுவியவர்களுக்குத் தொந்தரவும் குறைந்தது, ஆன்டிபயாடிக் தேவையும் குறைந்தது.

அம்மா சொன்னதில் பாதி சரி. தலைவலிக்கு ஆவி உதவுகிறது. நான் இப்போதும் தலைபாரம் வந்தால் ஆவி பிடிக்கிறேன். ஆனால் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கொதிக்கிற பாத்திரத்தை மடியில் வைத்து அவர்களுக்குப் போர்வை போர்த்தாதீர்கள். எங்கள் தெருவில் ஒரு குழந்தைக்குத் தொடை முழுக்க வெந்துபோனது.

பாட்டிலை விடப் பெரிதாக நான் சொல்ல வேண்டியது அடைப்புத் திறக்கும் சொட்டு மருந்தைப் பற்றி. மூன்று வருடம் அதைத்தான் சட்டைப்பையில் வைத்திருந்தேன். இரண்டு சொட்டு விட்டால் இரண்டு நிமிடத்தில் மூக்கு திறந்துகொள்ளும். நாலு மணி நேரத்தில் முன்பை விட மோசமாக அடைக்கும், மறுபடி விட வேண்டும். சைலோமெட்டாசோலின் என்று போட்டிருக்கும் மருந்து. சளி பிடித்தால் மூன்று நாள், அதிகம் போனால் ஐந்து நாள் பயன்படுத்த வேண்டியது. அதற்கு மேல் போனால் அந்த மருந்தே அடைப்பை உண்டாக்கும். மருந்துக் கடைத் தம்பி ஒருநாள்கூட இதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதை நிறுத்திய பத்து நாட்களும் மூக்கே இல்லாதவன் மாதிரி இருந்தேன். அந்தப் பத்து நாளை என்னைக் கடக்க வைத்தது இந்த பாட்டிலும், டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டு ஸ்பிரேயும்தான்.

ஸ்டீராய்டு என்றதும் பயப்பட வேண்டாம். மாத்திரை வேறு, ஸ்பிரே வேறு. மொமெட்டாசோன் ஸ்பிரேயில் ரத்தத்துக்குப் போவது ஒரு சதவீதம்கூட இல்லை என்று விளக்கினார். ஆனால் இது சொட்டு மருந்து மாதிரி உடனே வேலை செய்யாது. ஒன்றிரண்டு வாரம் தொடர்ந்து அடித்தால்தான் தெரியும். கழுவிய பிறகு பத்து நிமிடம் விட்டு அடிக்க வேண்டும். முதலில் ஸ்பிரே அடித்துவிட்டுக் கழுவினால் மருந்து முழுக்க வாஷ்பேசினுக்குப் போய்விடும். நான் ஒரு வாரம் அப்படித்தான் செய்தேன். வலது துவாரத்துக்கு இடது கையால், இடதுக்கு வலது கையால் பிடித்தால் மருந்து நடுச்சுவரில் படாமல் பக்கவாட்டில் போகும், ரத்தம் வராது.

இந்த பாட்டிலோடு போட்டியிடும் மற்றவை பற்றி. எங்கள் தெருவில் யோகா சொல்லிக்கொடுக்கும் அண்ணன் நீண்ட மூக்கு வைத்த நேதிக் குவளை ஒன்று கொடுத்தார். நேதி என்றால் மூக்கு கழுவுவது, யோகத்தில் உடம்பைச் சுத்தம் செய்யும் ஆறு கிரியைகளில் ஒன்று, நம் நாட்டில் தலைமுறை தலைமுறையாகச் செய்வது. மூக்கு திறந்திருப்பவர்களுக்குக் குவளை போதும், இன்னும் மென்மையானதும்கூட. ஆனால் அது தானாகச் சரிந்து ஓடும் தண்ணீரை நம்பியது. என் மூக்கில் சதை இருந்ததால் தண்ணீர் அடுத்த பக்கம் வரவே இல்லை. பாட்டிலில் லேசான அழுத்தம் இருப்பதால் ஓரளவு வந்தது. ஊசி இல்லாத சிரிஞ்சில் 20 மில்லிதான் பிடிக்கும், தொட்டுவிட்டுப் போகும். கடையில் கிடைக்கும் சின்ன உப்பு ஸ்பிரே மூக்கை ஈரமாக்கும், கழுவாது. கழுவ வேண்டும் என்றால் பாட்டில் அளவுக்குத் தண்ணீர் வேண்டும்.

சரி, பலன். டாக்டரிடம் 22 கேள்விகள் உள்ள ஒரு தாள் இருக்கிறது. ஸ்னாட் 22 என்று பெயர், உலகம் முழுக்கப் பயன்படுத்துவது. மூக்கடைப்பு, தூக்கம், மோப்பம், சோர்வு என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை நாமே மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் 110. அதிகமானால் மோசம். ஒன்பது மதிப்பெண் குறைந்தாலே நோயாளிக்கு வித்தியாசம் தெரியும் என்கிறார்கள். 2023 அக்டோபரில் என் கணக்கு 61. பாட்டிலும் ஸ்பிரேயும் நான்கு மாதம் விடாமல் செய்த பிறகு, 2024 பிப்ரவரியில், சம்பா அறுவடைத் தூசியின் உச்சத்தில், 43. ராத்திரி மூக்கால் மூச்சுவிட்டுத் தூங்கினேன். தொண்டையில் இறங்கும் சளி பாதியானது. காலைத் தும்மல் நாலைந்தாகக் குறைந்தது. ஆனால் மோப்பம் வரவில்லை. பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கருகே வைத்தாலும் ஒன்றும் இல்லை.

ஸ்கேன் எடுத்தார்கள், அறைகள் முழுக்க அடைப்பு. சீசன் முடிந்ததும், ஏப்ரலில், குழாய் வழி ஆப்பரேஷன் செய்துகொண்டேன். வெளியே தழும்பு கிடையாது. 1985 வாக்கில் அமெரிக்காவில் பெயர் சூட்டி, அதற்கு முன்பே ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஆராய்ந்து உருவாக்கிய முறை இது. சைனஸின் உள்தோலை உரித்து எடுக்காமல், அடைத்த வாய்களை மட்டும் திறந்து விடுவது. அதைப் பற்றித் தனியாக எழுத நிறைய இருக்கிறது. இங்கே பாட்டிலுக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

ஆப்பரேஷனுக்கு முன்பு இந்தத் தண்ணீர் சைனஸுக்குள் அதிகம் போவதில்லை, மூக்கை மட்டும்தான் கழுவுகிறது. வாய்கள் திறந்த பிறகுதான் உள்ளே போய்க் கழுவிவிட்டு வருகிறது. இந்த வித்தியாசத்தை நான் கண்ணால் பார்த்தேன். கட்டு எடுத்த மூன்றாம் நாள் முதல் கழுவல். மெதுவாக அமுக்கினேன். வெள்ளை பேசினில் பழுப்பு நிறத்தில் பொருக்கு பொருக்காக, காய்ந்த புளிச்சக்கை மாதிரி விழுந்தது. அப்புறம் சுண்டு விரல் நீளத்துக்குக் கெட்டிச் சளி ஒன்று. அது எத்தனை மாதமாக உள்ளே இருந்ததோ. அது விழுந்ததும் நெற்றிக்குள் யாரோ ஜன்னலைத் திறந்த மாதிரி காற்று போனது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பேசினைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

ஐந்தாவது வாரம் என்று நினைக்கிறேன், ஒருநாள் காலை புதுப் பாட்டிலைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோனபோது ஏதோ ஒரு வாடை அடித்தது. என்ன என்று புரியவில்லை. மூடியைக் கழற்றி மோந்தேன். பிளாஸ்டிக். ஏழு மாதம் தினமும் மூக்கில் வைத்து அழுத்திய பாட்டிலுக்கு இப்படி ஒரு வாடை இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மனைவியைக் கூப்பிட்டு அவளையும் மோந்து பார்க்கச் சொன்னேன். "ஆமா, புதுசுல்ல" என்றாள். அதற்கு மேல் அவளாலும் பேச முடியவில்லை.

மோப்பம் ஒரேயடியாக முழுசாக வரவில்லை. மீதிக்கு ஒரு பயிற்சி சொன்னார்கள். ரோஜா, யூக்கலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு, இந்த நான்கையும் தினம் இரண்டு வேளை, ஒவ்வொன்றையும் சில நொடி மோந்து நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஜெர்மனியில் 2009ல் பன்னிரண்டு வாரம் செய்து பார்த்த முறையாம். மூன்று வீட்டிலேயே இருக்கிறது, நீலகிரித் தைலம் மட்டும் வாங்கினேன். நவம்பரில் என் மதிப்பெண் 18. போன மாதம் முத்துப்பேட்டைப் பக்கத்தில் இருந்து வந்த ஒரு லோடில் மெஷின் ஈரம் 16.4 சதவீதம் என்று சரியாகத்தான் காட்டியது. கசக்கி மோந்தேன். முக்கல். முதலாளியிடம் தயங்காமல் சொன்னேன். மூன்று வருடமாக நான் இப்படித் தயங்காமல் சொன்னதில்லை, பக்கத்தில் இருக்கும் பையனை மோந்து பார்க்கச் சொல்லி அவன் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்துகொண்டிருந்தேன்.

இந்தச் சதை திரும்ப வளரக்கூடியது. ஆப்பரேஷன் செய்த நிறையப் பேருக்கு ஒன்றிரண்டு வருடத்திலேயே மறுபடி தலைகாட்டுகிறது. அதனால்தான் பாட்டிலையும் ஸ்பிரேயையும் நான் நிறுத்தவில்லை. திரும்பத் திரும்ப வளர்பவர்களுக்கு இப்போது டூபிலுமாப் என்ற ஊசி இருக்கிறது. 2019ல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கொடுத்தார்கள், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போட வேண்டும், விலை நம்மால் யோசிக்க முடியாது. சதையோடு இளைப்பும் (ஆஸ்துமா) இருந்து, வலி மாத்திரை போட்டால் மூச்சு முட்டுகிறது என்றால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அது தனி வகை நோய்.

பாட்டிலின் குறைகள். உள்குழாய் மூடியில் இருந்து கழன்றுவிடும், பாதிக் கழுவலில் காற்றுதான் வரும். அமுக்கிய கையைத் தளர்த்தினால் மூக்கில் இருந்த தண்ணீரும் சளியும் திரும்பப் பாட்டிலுக்குள் போகும், அதனால் மூக்கை விட்டு எடுத்த பிறகுதான் கையைத் தளர்த்த வேண்டும். கழுவிய பிறகு ஒரு மணி நேரம் வரை குனிந்தால் மூக்கில் இருந்து தண்ணீர் ஒழுகும். ஒருநாள் அப்படி ரசீதுப் புத்தகத்தில் விழுந்து மை கலைந்து, மூன்று ரசீது மறுபடி எழுத வேண்டியிருந்தது. படுக்கப்போகும் நேரத்தில் கழுவாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாட்டிலை மாற்ற வேண்டும், நான் அடியில் தேதி எழுதி வைக்கிறேன். ஒருவர் பாட்டிலை இன்னொருவர் தொடக்கூடாது.

பொட்டலம் தனியாக வாங்கினால் ஒன்று பத்து ரூபாய் ஆகிறது. தினம் இரண்டு என்றால் மாதம் அறுநூறு. தீர்ந்துபோன நாட்களில் நானே கலக்குகிறேன். ஆலையில் சாம்பிள் நிறுக்கும் சின்னத் தராசு இருக்கிறது. 240 மில்லிக்கு 2 கிராமுக்குக் கொஞ்சம் மேல் அயோடின் சேர்க்காத சுத்தமான பொடி உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. வேதாரண்யம் கல்லுப்பு குழம்புக்கு நல்லது, அதில் மண் இருக்கும், மூக்குக்கு வேண்டாம்.

இப்போது அந்தத் தாள். நான் வாங்கிய மூன்று பெட்டியிலும் செய்முறைத் தாள் ஆங்கிலத்தில் இருந்தது, ஒன்றில் இந்தியும். தமிழில் ஒரு வரி இல்லை. இதற்காக நான் ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன், அது சின்னக் காரணம் இல்லை. தாளின் நாலாவது வரியில் குழாய்த் தண்ணீரை அப்படியே பயன்படுத்தாதே என்று போட்டிருக்கிறது. 2011ல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரில் மூக்கு கழுவிய இரண்டு பேர் மூளையைத் தின்னும் அமீபா தாக்கி இறந்துபோனார்கள். மூளையைத் தாக்கும் இந்த மாதிரி அமீபாதான் 2024ல் கேரளாவில் பிள்ளைகள் சிலரைக் கொண்டுபோனது. லூசியானாவில் வந்த அமீபா வெதுவெதுப்பான, உப்பில்லாத தண்ணீரில் வாழும். குடித்தால் ஒன்றும் செய்யாது, மூக்கில் ஏறினால் மோப்ப நரம்பு வழியாக மூளைக்குப் போகும். அரிதுதான். ஆனால் டெல்டாவில் நாம் போர்வெல்லில் இருந்தும், மேல்தொட்டியில் இருந்தும், குளத்தில் இருந்தும் தண்ணீர் எடுக்கிறவர்கள். கேன் தண்ணீர் சுத்தம் என்று நினைத்து நேராக ஊற்றுகிற ஆளை நான் எங்கள் ஆலையிலேயே பார்த்தேன். கேன் தண்ணீரையும் காய்ச்சத்தான் வேண்டும். தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி ஆறவைத்து, அந்தத் தண்ணீரில்தான் கழுவ வேண்டும், பாட்டிலையும் அதிலேயே அலச வேண்டும்.

ஆலையில் இப்போது நாலு பேர் இந்த பாட்டில் வாங்கியிருக்கிறார்கள், ஒருவர் லோடுமேன், படிக்கத் தெரியாதவர். அவருக்கு என் பெண் படம் வரைந்து கொடுத்தாள்: அடுப்பில் கொதிக்கும் பாத்திரம், பக்கத்தில் குழாய், குழாயின் மேல் சிவப்புக் கோடு. அதை நகல் எடுத்துக் கை கழுவும் இடத்தில் ஒட்டியிருக்கிறோம். கம்பெனிகள் மூன்றுக்கும் அந்த வரியையாவது தமிழில் போடச் சொல்லி மெயில் அனுப்பியிருக்கிறேன். ஒரு கம்பெனி பதில் போட்டிருக்கிறது, பரிசீலிப்பதாக. அடுத்த பெட்டி ஏப்ரலில் வாங்குவேன், தாளைப் பிரித்துப் பார்த்துவிட்டு இங்கேயே கீழே எழுதுகிறேன்.